பழைய அட்டைகளில் அச்சு வேறுபாடு இருந்தால் விலை கூடுமா?

மூத்தவள் எழுதியது:

என் தம்பி பள்ளி நாட்களில் சேர்த்த போக்கிமான் அட்டைகள் ஒரு செருப்புப் பெட்டியில் கிடந்தன. எண்ணிப் பார்த்தேன், 214. அவனுக்கு இப்போது அதில் ஆர்வம் இல்லை. "நீயே வைத்துக்கொள், விற்றால் பாதி எனக்கு" என்று சொல்லிவிட்டான். எனக்கு இந்த விளையாட்டே தெரியாது. மூன்று இரவுகளாக மேசை விளக்கின் கீழ் ஒவ்வொன்றையும் உற்றுப் பார்த்ததில் நான்கு அட்டைகள் மற்றவற்றிலிருந்து விலகி நிற்பதாகத் தோன்றின.

மச்சாம்ப், எண் 8/102. படத்துக்குக் கீழே இடப்பக்கம் கறுப்பு வட்டத்துக்குள் 1 என்று இருக்கிறது. முதல் பதிப்பு முத்திரை என்கிறார்கள்.

பிக்காச்சு, 58/102. கன்னம் சிவப்பாக இருக்கிறது. இணையத்தில் பார்த்த படங்களில் பெரும்பாலும் மஞ்சள் கன்னம்.

வேப்பரியான், 12/64, மினுங்கும் படம் கொண்டது. இதே தொகுப்பின் மற்ற அட்டைகளில் படத்துக்குக் கீழே வலப்பக்கம் ஒரு பூச் சின்னம் உண்டு. இதில் அந்த இடம் காலி.

சாரிசார்ட், 4/102. இதிலும் சின்னம் இல்லை. இதுவும் பிழையா?

படங்களை ஓரிடத்தில் போட்டதும் ஒருவர் செய்தி அனுப்பினார். மச்சாம்புக்கு மட்டும்தான் மதிப்பு என்றும், அதற்கு நல்ல விலை தருவதாகவும், "மற்றவற்றைச் சும்மா சேர்த்துக் கொடுங்கள்" என்றும் கேட்டார். அந்தச் 'சும்மா'தான் எனக்கு இடிக்கிறது. அச்சில் இருக்கும் இத்தகைய வேறுபாடுகள் உண்மையில் விலையை எப்படி மாற்றுகின்றன? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

வேகநடை எழுதியது:

முதல் பதிப்பு முத்திரை இருக்கிறதா? அப்படியென்றால் உங்களுக்கு யோகம்தான். உடனே விற்காதீர்கள். பிழையுள்ள அட்டைகள் எல்லாமே அரிதானவை, அரிதானது எல்லாமே விலை போகும். நான்கையும் பூட்டி வையுங்கள்.

---

கறுப்புத்தகடு எழுதியது:

வேகநடை தம்பி சொன்னதில் பூட்டி வைக்கச் சொன்னது மட்டும் சரி. மீதியை நான் மறுக்க வேண்டியிருக்கிறது.

நான் ஆஃப்செட் அச்சகத்தில் இருபத்தெட்டு ஆண்டுகள் இயந்திரம் ஓட்டியவன். அட்டை சேர்ப்பது ஓய்வுக்குப் பின் தொற்றிக்கொண்டது. அதனால் ஒரு அட்டையைக் கையில் எடுத்ததும் படத்தில் இருக்கும் விலங்கைப் பார்ப்பதில்லை. எந்த அச்சுத் தகட்டில் என்ன நடந்திருக்கும் என்றுதான் பார்க்கிறேன். கெட்ட பழக்கம்.

ஓர் இரவு மருந்துப் பெட்டிக்கான அட்டை ஓடிக்கொண்டிருந்தது. எங்கிருந்தோ வந்த நகத்தளவு காகிதத் துணுக்கு ஒன்று, மையைத் தாளுக்குக் கடத்தும் ரப்பர் விரிப்பில் ஒட்டிக்கொண்டது. மருந்தின் பெயரில் கடைசி எழுத்து விழவில்லை. இயந்திரத்தின் மறுமுனையில் தாளை உருவிப் பார்ப்பது என் வேலை. நான் பார்த்தபோது சில நூறு தாள்கள் போய்விட்டன. நிறுத்தினேன், துடைத்தேன், மறுபடி ஓட்டினேன். எழுத்து விழாத தாள்கள் கழிவுக்குப் போயின. அவை மருந்துப் பெட்டிகளாக இல்லாமல் பேஸ்பால் அட்டைகளாக இருந்து, வெளியேயும் போயிருந்தால், இன்று யாராவது அவற்றைக் கண்ணாடி உறைக்குள் வைத்திருப்பார்கள்.

அப்படி ஒன்று நிஜமாகவே நடந்தது. 1990ஆம் ஆண்டு டாப்ஸ் நிறுவனத்தின் பேஸ்பால் தொகுப்பில் 414ஆம் எண், ஃபிராங்க் தாமஸ். சில பிரதிகளில் முன்பக்கத்தில் அவர் பெயரே இல்லை. பெயர் கறுப்பு மையில் வர வேண்டியது. சேகரிப்பாளர்கள் விடாமல் தேடியதில், பல அட்டைகளைச் சேர்த்து அச்சடிக்கும் அந்தப் பெரிய தாளில் அவருக்குப் பக்கத்தில் இருந்த அட்டைகளிலும் கறுப்புக் கோடுகள் ஆங்காங்கே அறுந்திருப்பதைக் கண்டுபிடித்தார்கள். கறுப்பு மை போகும் வழியை ஏதோ ஒன்று மறைத்திருக்கிறது. இதைப் படித்த அன்று அந்த மருந்துப் பெட்டிதான் நினைவுக்கு வந்தது. ஆனால் கவனியுங்கள்: பெயரில்லாத தாமஸ் அட்டைக்கு இருக்கும் விலை, அதே கோளாறில் கோடு அறுந்த பக்கத்து அட்டைகளுக்கு இல்லை. எல்லாம் ஒரே விபத்துதான். ஒன்று கைநீட்டும் தூரத்திலிருந்தே தெரிகிறது, மற்றொன்றுக்குப் பூதக்கண்ணாடி வேண்டும். அதோடு தாமஸ் பெரிய ஆட்டக்காரராக ஆனார்.

ஆகவே அம்மா, பிழை என்பதற்குத் தனியாக விலை கிடையாது. நான் பார்ப்பது இதைத்தான்: இயந்திரத்தை எப்போது நிறுத்தினார்கள்? நிறுத்துவதற்கு முன் ஓடியது கொஞ்சமா, பின் ஓடியது கொஞ்சமா? அந்தக் கொஞ்சத்தைத் தேடுகிறவர்கள் இருக்கிறார்களா?

எது குறைவு என்று நாமாக ஊகித்தால் ஏமாந்துபோவோம். 1989இல் ஃபிளீர் நிறுவனம் வெளியிட்ட பில்லி ரிப்கன் பேஸ்பால் அட்டையில் மட்டையின் அடிமுனையில் ஓர் ஆபாசச் சொல் எழுதியிருந்தது அப்படியே அச்சாகி வெளியே வந்துவிட்டது. கலவரமானது. நிறுவனம் அவசர அவசரமாக மறைக்கப் பார்த்தது. ஒருமுறை வெள்ளை பூசினார்கள், ஒருமுறை கிறுக்கினார்கள், ஒருமுறை கறுப்புக் கட்டம் போட்டார்கள். கெட்ட வார்த்தை இருக்கும் அட்டைதான் அரிது என்று எல்லோரும் நினைப்பார்கள். வெள்ளை பூசிய திருத்தம்தான் மிகக் குறைவாகக் கிடைப்பது, விலையும் அதற்குத்தான் அதிகம். கறுப்புக் கட்டம் போட்டது மலிந்து கிடக்கிறது. பிழையைவிடத் திருத்தம் அரிதாகிப்போன வேடிக்கை இது.

மறுபக்கமும் உண்டு. 1952 டாப்ஸ் பேஸ்பால் தொகுப்பின் மிக்கி மேன்டில், எண் 311. அந்தத் தாளில் அதை இரண்டு இடத்தில் வைத்து அச்சடித்தார்கள், அதாவது அதே வரிசையின் மற்ற பல அட்டைகளைவிட இது இரட்டிப்பு. ஆனாலும் அந்தத் தொகுப்பிலேயே விலையில் அதுதான் உச்சம். இரண்டு இடத்தில் வைத்ததால் இரண்டு வகை வந்தன. பின்பக்கம் எண் இருக்கும் பந்தின் தையல் ஒன்றில் ஒரு திசையிலும் மற்றதில் எதிர்த்திசையிலும் இருக்கும். எவ்வளவு அழகான அச்சு வேறுபாடு! விலையில் அது பெரிதாக எடுபடவில்லை. வாங்குகிறவர்களுக்கு மேன்டில் வேண்டும், தையல் வேண்டாம். எனக்கு வருத்தம்தான், ஆனால் அப்படித்தான்.

இனி உங்கள் பெட்டிக்கு வருகிறேன்.

போக்கிமான் ஆங்கில முதல் தொகுப்பு 1999இல் விசார்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட் வெளியிட்டது, 102 அட்டைகள். முதலில் ஓடியதில் கறுப்பு முத்திரை உண்டு. அடுத்து முத்திரையை எடுத்துவிட்டார்கள், அமைப்பு அப்படியே இருந்தது. அதன்பின் அமைப்பையும் மாற்றினார்கள்: படச் சட்டத்தின் வலப்பக்கமும் கீழும் ஒரு சாம்பல் நிழல் சேர்ந்தது. முத்திரையும் இல்லாமல் நிழலும் இல்லாமல் நடுவில் வந்ததைத்தான் 'நிழலற்றது' என்கிறார்கள். நிழலோடு வந்தது ஏராளம். ஒரே படம், ஒரே எண், ஆனால் மூன்று நிலைகளுக்கும் இடையே விலை மலைக்கும் மடுவுக்கும்.

நிழலை நம்பத் தயக்கமாக இருந்தால் அட்டையின் அடியில் இருக்கும் பொடி எழுத்தைப் படியுங்கள். நிழலற்றதில் உரிமை வரி 1995, 96, 98, 99 என்று போய், பிறகு விசார்ட்ஸுக்கு மறுபடி 1999 வரும். நிழல் சேர்ந்ததில் முதல் வரிசை 98 உடன் நின்றுவிடும். 99 இரண்டு முறை வந்தால் நல்ல செய்தி.

மச்சாம்ப் விஷயத்தில் மனதைத் திடப்படுத்திக்கொள்ளுங்கள். அந்த அட்டை, அட்டைகளை அடைத்து விற்ற உறையில் வரவில்லை. இருவர் விளையாடும் தொடக்கப் பெட்டியில் போட்டுக் கொடுத்தார்கள். மற்ற அட்டைகளில் முத்திரை போய், நிழலும் வந்த பிறகும் இதன் முத்திரையை எடுக்கவில்லை. ஆக, முதல் பதிப்பு முத்திரை உள்ள மச்சாம்ப் என்பது வீட்டுக்கு வீடு கிடைக்கும் பொருள். முத்திரை என்ற சொல்லைக் கேட்டதும் பரவசப்படுகிறவர்கள் முதலில் சறுக்குவது இந்த அட்டையில்தான்.

சாரிசார்டில் சின்னம் இல்லாதது பிழை இல்லை. முதல் தொகுப்புக்குச் சின்னமே வைக்கவில்லை. இரண்டாவதாக வந்த ஜங்கிள் தொகுப்புக்குத்தான் அந்தப் பூ. ஜங்கிளில் முத்திரையில்லாத பதிப்பின் மினுங்கும் அட்டைகள் பதினாறிலும் ஒரு பகுதி பூ இல்லாமல் அச்சாகிவிட்டது, பின்னர் சரிசெய்தார்கள். உங்கள் வேப்பரியான் அந்த வகை. விலை கூடும், ஆனால் தலைசுற்றும் அளவுக்கு இல்லை. ஓரிரண்டு தாள் இல்லையே, பதினாறு அட்டைகளிலும் கணிசமாக ஓடியிருக்கிறது. இதே 'சின்னம் இல்லை' என்பது ஜப்பானிய அட்டையில் வேறு பொருள் தரும். 1996இல் அங்கே வந்த முதல் அச்சில் அரிதின் அளவைக் காட்டும் குறி கிடையாது, அடுத்த அச்சிலிருந்துதான் சேர்த்தார்கள். அங்கே குறி இல்லாமை முதல் அச்சுக்குச் சான்று, விலையும் அதற்கேற்ப.

பிக்காச்சுவை வெளிச்சத்தில் வைத்து, நான் சொன்ன அடிவரியைப் படித்துவிட்டுச் சொல்லுங்கள். அதுவரை அந்தச் 'சும்மா' ஆளுக்குப் பதில் போட வேண்டாம்.

---

மூத்தவள் எழுதியது:

ஐயா, இவ்வளவு விரிவாக எழுதியதற்கு நன்றி. தம்பியின் பழைய தபால்தலைப் பூதக்கண்ணாடியைத் தேடி எடுத்துப் பார்த்தேன்.

மச்சாம்ப்: சட்டத்தின் வலப்பக்கம் நிழல் தெளிவாக இருக்கிறது. அடிவரியில் முதல் வரிசை 98 உடன் நின்றுவிடுகிறது. போகட்டும்.

சாரிசார்ட்: நிழல் உண்டு. பளபளப்பின் மேல் நகக்கீறல்கள். தம்பி இதை மேசையில் தேய்த்தே விளையாடியிருக்கிறான். பின்பக்க ஓரங்களில் நீலம் உதிர்ந்து வெள்ளை தெரிகிறது.

பிக்காச்சு: முத்திரை இல்லை. நிழலும் இல்லை. வரியை மூன்று முறை படித்தேன். 95, 96, 98, 99, பிறகு மறுபடி 1999. கன்னம் நல்ல சிவப்பு. இடப்பக்க மஞ்சள் ஓரம் வலப்பக்கத்தைவிடக் கொஞ்சம் தடிமனாக இருக்கிறது, இதுவும் ஓர் அச்சு வேறுபாடா? மூலைகள் பரவாயில்லை. ஒன்றில் மட்டும் ஊசிமுனை அளவு வெள்ளை.

இந்த அட்டையைத்தான் அவர் சும்மா கேட்டிருக்கிறார்!

---

ஏழாம்கை எழுதியது:

அக்கா, ஓரம் தடித்திருப்பது வேறுபாடு இல்லை, வெட்டும்போது நகர்ந்தது. அதற்கு விலை குறையுமே தவிரக் கூடாது. பக்கத்து அட்டையின் துண்டு எட்டிப் பார்க்கும் அளவுக்கு வெட்டு விலகியிருந்தால் அதை விரும்பி வாங்கும் தனிக் கூட்டம் உண்டு. கொஞ்சம் விலகினால் குறை, நிறைய விலகினால் அதிசயம். எந்த நியாயமும் கேட்காதீர்கள்.

நான் மேஜிக் என்ற அட்டை விளையாட்டை ஆடுகிறவன். ஐயா சொன்ன "எப்போது நிறுத்தினார்கள்" என்பதற்கு எங்கள் பக்கத்திலிருந்து ஓர் எடுத்துக்காட்டு. மேஜிக்கின் முதல் அச்சு ஆல்ஃபா 1993 ஆகஸ்டில் வந்தது, 295 அட்டைகள். சில வாரங்களில் பீட்டா, 302 அட்டைகள். விட்டுப்போன அட்டைகளைச் சேர்த்து, சில பிழைகளைத் திருத்திய அச்சு அது. ஆல்ஃபாவின் மூலைகள் கூடுதலாக வளைந்திருக்கும். மேசையில் இரண்டையும் அடுக்கினால் கண்ணுக்கே தெரியும். அதே ஆண்டின் கடைசியில் வந்த அன்லிமிடெட் வெள்ளை ஓரம் கொண்டது. கறுப்புத் தாமரை அட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். மூன்றிலும் ஒரே ஓவியம், விளையாட்டில் ஒரே பலன். மூலையின் வளைவும் ஓரத்தின் நிறமும் மட்டும்தான் மாறுகின்றன. விலையோ ஆல்ஃபாவிலிருந்து அன்லிமிடெட்டுக்குப் படிப்படியாக இறங்கும்.

திருத்தாமலே விட்ட பிழைக்கு மதிப்பில்லை என்பதற்கும் எங்களிடம் ஆள் இருக்கிறது: செரண்டிப் எஃப்ரீட். 1994இல் வந்த ரிவைஸ்டு பதிப்பில் நீல அட்டையான அதற்குப் பச்சைச் சட்டமும் வேறொரு அட்டையின் ஓவியமும் போட்டுவிட்டார்கள். இதைவிடப் பெரிய பிழை எங்கே கிடைக்கும்? ஆனால் அந்தப் பதிப்பு முழுவதும் அப்படியே ஓடியது. எல்லோரிடமும் பச்சைதான். ஆகவே அந்தப் பச்சைக்காக யாரும் கூடுதலாகக் கொடுப்பதில்லை. அதே ஆண்டு, நிறம் கெட்டுப்போனதால் நிறுவனமே பெரும்பாலும் அழித்துவிட்ட ஓர் அச்சு உண்டு, கோடைக்கால மேஜிக் என்பார்கள். அதில் தப்பித் தவறி வெளியே வந்த ஹரிகேன் அட்டைக்குப் பச்சைக்குப் பதில் நீலச் சட்டம். அதற்குக் கொடுக்கும் விலையைக் கேட்டால் தூக்கம் போய்விடும்.

---

வேகநடை எழுதியது:

மச்சாம்ப் விஷயம் எனக்குத் தெரியாது. என்னிடமே மூன்று இருக்கின்றன, பூட்டி வைத்திருந்தேன். ஒரு கேள்வி: பழைய சாரிசார்டில் முத்திரையைப் பிறகு யாராவது அச்சடித்துச் சேர்த்துவிட்டால் எப்படிக் கண்டுபிடிப்பது? எனக்கு ஒருவர் அப்படி ஒன்றைக் காட்டினார்.

---

கறுப்புத்தகடு எழுதியது:

தம்பி, முதலில் தர்க்கத்தைப் பாருங்கள், பிறகு கண்ணாடியை எடுங்கள். முதல் தொகுப்பில் முத்திரை இருந்தால் நிழல் இருக்கக் கூடாது. மச்சாம்ப் மட்டும் விதிவிலக்கு. நிழலும் இருந்து முத்திரையும் இருக்கும் சாரிசார்டை யாராவது நீட்டினால், முத்திரையை அவர் வீட்டிலேயே போட்டிருக்கிறார். கண்ணாடிகூட வேண்டாம்.

நிழலற்ற அட்டையில் முத்திரையைச் சேர்ப்பவன் கெட்டிக்காரன். அங்கேதான் கண்ணாடி. பத்து மடங்கு பெரிதாக்கும் நகைக்கடைக் கண்ணாடி போதும். படம் நான்கு நிறப் புள்ளிகளால் ஆனது. பூ இதழ் அடுக்கியதுபோல் புள்ளிகள் தெரியும். எழுத்து அப்படியல்ல, கறுப்பு மை ஒரே படலமாக, புள்ளியில்லாமல் இறங்கியிருக்கும். முத்திரைக்குள் நீலப் புள்ளியும் சிவப்புப் புள்ளியும் தெரிந்தால் யாரோ வீட்டு அச்சுப்பொறியில் ஓட்டியிருக்கிறார்கள். பக்கத்து எழுத்தைவிட முத்திரை மேடாகவோ அதிகப் பளபளப்பாகவோ இருந்தாலும் விலகி நில்லுங்கள். முத்திரையிலேயே நிஜமான அச்சுக் கோளாறுகள் உண்டு என்பதையும் மறக்க வேண்டாம். ஜங்கிள் பட்டர்ஃபிரீயில் 1 பாதி மறைந்து ஆங்கில 'டி' எழுத்துப்போல விழுந்தது ஒன்று. அது உண்மையானது, அதற்குத் தனி மவுசு. விசித்திரமாக இருப்பதெல்லாம் போலி என்றும் ஒதுக்கிவிட முடியாது.

மூத்தவள் அம்மாவுக்கு: உங்களிடம் இருப்பது நிழலற்ற சிவப்புக் கன்னப் பிக்காச்சு. முத்திரையுள்ளதிலும் நிழலற்றதிலும் சிவப்பு, மஞ்சள் இரண்டுமே உண்டு. பின்னால் மஞ்சளாக மாற்றிவிட்டார்கள். மினுங்காத, சாதாரண வகை அட்டை என்பதால் இது சாரிசார்டின் உயரத்துக்குப் போகாது. ஆனால் சேகரிப்பாளர்கள் பட்டியலில் தனி வரியாக எழுதித் தேடும் வேறுபாடு. அப்படித் தனிப் பெயர் கிடைத்திருக்கிறதா என்பது முக்கியம். பி.எஸ்.ஏ. போன்ற தரமதிப்பீட்டு நிறுவனம் உறையின் மேல் சீட்டில் 'நிழலற்றது' என்று அச்சடித்துக் கொடுக்கிறது. அப்படிப் பெயர் கிடைத்த வேறுபாட்டை முன்பின் தெரியாதவனும் நம்பி வாங்குகிறான். பெயர் கிடைக்காத வேறுபாட்டுக்கு வாங்குகிறவரிடம் பாதி நாள் விளக்கம் சொல்ல வேண்டும்.

ஊசிமுனை வெள்ளையை மறைக்க நிறப் பேனாவால் தொடாதீர்கள். என் கண்முன்னே ஒருவர் அப்படிச் செய்து, நல்ல அட்டையை 'மாற்றப்பட்டது' என்ற குறிப்போடு திரும்பப் பெற்றார். துடைக்கவும் வேண்டாம். மென்மையான உறையில் போட்டு, அதைக் கெட்டியான உறைக்குள் வையுங்கள். விற்பதற்கு முன், கேட்கும் விலைகளைப் பார்க்காதீர்கள், விற்று முடிந்த விலைகளைப் பாருங்கள். நிழலற்றது, சிவப்புக் கன்னம், உங்கள் அட்டையின் தேய்மானம் மூன்றும் பொருந்தும் விற்பனை மட்டும்தான் கணக்கு. முத்திரையுள்ள சிவப்புக் கன்னத்தின் விலையைப் பார்த்து மனக்கோட்டை கட்டினால் பிறகு எந்த விலையும் உங்களுக்குக் குறைவாகவே தெரியும்.

சாரிசார்டை விற்கத்தான் வேண்டுமா என்று தம்பியிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். தேய்த்து விளையாடியது அவர்தானே.

---

மூத்தவள் எழுதியது:

கேட்டேன். "அதை மட்டும் கொடுத்துவிடாதே" என்றான். ஆர்வம் இல்லையாம்.

வாங்க வந்தவருக்கும் பதில் எழுதிவிட்டேன்: "மச்சாம்புக்குத்தானே மதிப்பு, நீங்கள் சொன்ன விலைக்கே எடுத்துக்கொள்ளுங்கள். சிவப்புக் கன்னப் பிக்காச்சுவும் பூவில்லாத வேப்பரியானும் என்னிடமே இருக்கட்டும்."

செய்தியைப் படித்துவிட்டார் என்று காட்டுகிறது. இரண்டு நாட்களாகப் பதில் இல்லை.